பதினேழாம் நம்பர் கண்ணீர்

தூத்துக்குடி,
14 ஜூலை 2025.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மைத்துனர் திரு. பெனிஸ்டன் அவர்களுக்கு, உன் அக்காள் ஞானதீபத்தைக் கைப்பிடித்தவனும் உனக்கு இருக்கிற ஒரே அத்தானுமாகிய தேவமணி எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். மாலை ஜெபத்தில் மறந்துவிடுகிறது, மன்னிக்கவும். இங்கே எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் ஏறிக்கொண்டிருக்கின்றன. மற்றபடி தேவ கிருபை.

போன் இருக்கும்போது இதென்ன தபால் என்று நினைப்பாய். போனில் மூன்று தடவை கேட்டாயிற்று, மூன்று தடவையும் "பாப்போம் அத்தான்" என்றாய். அதற்கு மேல் என் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நான் எழுதுவதை எவனாவது எடுத்து எவன் சாவுக்காவது போட்டுவிடுகிறான். இந்த ஊரில் நான் எழுதியதைப் படிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவர் தபால்காரர் ஒருவர்தான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி அக்காள் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் அவள் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும், அந்தக் கல்லில் நான் அவளுக்காக எழுதிய ஆறு வரிக் கவிதையை வெட்ட வேண்டும். கல் தயாராக இருக்கிறது. கவிதையை வெட்டக் கூடாது என்று கல்லறைத் தோட்டக் கமிட்டி தடுத்து வைத்திருக்கிறது. "இந்த ஆறு வரியும் என் அத்தான் தேவமணி, என் அக்காளை நினைத்து, 2023ஆம் வருஷம் சொந்தமாக எழுதியவை, இதை நான் நன்றாக அறிவேன்" என்று நீ ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், கமிட்டி வழிவிடும். இந்த ஒரு தாளுக்குத்தான் இரண்டு மாதமாக உன்னிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். நீ வாத்தியார் வீட்டுப் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாதவன் இல்லை.

நான் கவிதைக்காரன் இல்லை என்பது உனக்கே தெரியும். துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் நிலக்கரியும் மரத்தடிகளும் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு லாரி டிரைவர்களைத் திட்டிக் காலம் தள்ளியவன். நம் ஊரில் கவிதைக்குப் பஞ்சம் இல்லை. ஆட்டோவின் முதுகில் கவிதை, தண்ணீர் லாரியின் வயிற்றில் கவிதை, கல்யாண வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துக் கவிதை, அதை மைக்கில் படிக்க ஒரு பெரியப்பா, செத்தால் முச்சந்தியில் பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸில் கண்ணீர்க் கவிதை. பிறந்ததிலிருந்து இவற்றின் நடுவே நடந்து போயிருக்கிறேன், ஒன்றையும் நின்று படித்ததில்லை. அப்படிப்பட்டவன் உன் அக்காளின் முதலாம் வருஷ நினைவு நாளுக்கு முந்தின வாரம், மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து, வைத்த சாளை மீனைத் தொடாமல், ரேஷன் கார்டு உறையின் பின்பக்கத்தில் எழுதினேன்:

மீன்முள்ளை எடுத்துவிட்டு
சதையை என் தட்டில் வைத்தவளே,
முள்ளெல்லாம் இப்போது
என் தொண்டையில் நிற்கிறதே,
சாப்பிட உட்காரும்போதெல்லாம்
உன் கையைத் தேடுகிறேனே.

ஒரே மூச்சில் வந்தது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம். எழுதி முடித்துவிட்டு அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பத்திரிகையில் நினைவஞ்சலியாகக் கொடுத்தேன். நம் தெரு முனையில் ஃப்ளெக்ஸும் வைத்தேன். அன்றைக்கு நீ போன் செய்து, "அக்காவே சொல்லுத மாதி இருக்கு அத்தான்" என்றாய். எனக்கு அதற்கு மேல் எந்த விருதும் தேவைப்படவில்லை. ஆகவேதான் நீயே முதல் வாசகன், நீயே சாட்சி என்கிறேன்.

அந்த ஃப்ளெக்ஸ் அடித்த கடைதான் என் துன்பத்தின் ஆரம்பம். கடைக்காரன் பெயர் சிவப்பிரகாஷ். நல்ல பையன் என்று நினைத்தேன், டைப் செய்யும்போது கண் கலங்கினான், டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டு மாதம் கழித்து மூன்றாம் மைல் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், எதிரே ஒரு கட்சியின் வட்டச் செயலாளருக்குக் கண்ணீர் அஞ்சலி. மனிதருக்கு மீசை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை. அதன் கீழே, "மீன்முள்ளை எடுத்துவிட்டு சதையை எங்கள் தட்டில் வைத்தவரே." அவர் எங்கே யாருக்கு முள் எடுத்தார்? ஊரில் அவர் எடுத்ததெல்லாம் ஆற்று மணல். பஸ்ஸை விட்டுவிட்டு நேரே கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அதுவா! அது பதினேழாம் நம்பரு," என்றான் சிவப்பிரகாஷ், ரொம்ப சந்தோஷமாக. மேஜைக்குள்ளிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்து விரித்தான். துக்கம் என்று ஒரு பகுதி, அதில் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை மாடல். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் யோசிக்கிற நிலைமையில் இருக்க மாட்டார்களாம், ஆகவே நம்பரைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று ஏற்பாடு. பதினேழாவது பக்கத்தில் என் மனைவியின் படம் இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ. "நம்ம கடையிலயே அதான் அண்ணாச்சி நல்லா ஓடுது. ஆலமரமே, குலவிளக்கே எல்லாம் இப்ப யாரும் எடுக்க மாட்டேங்காவ. இதப் படிச்சாவன்னா நின்னு ஒரு நிமிசம் அழுதுட்டுத்தான் போறாவ. நீங்க பெரிய ஆளு அண்ணாச்சி."

"ஏலே, அது என் வீட்டுக்காரிக்கு எழுதினதுல்லா. எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில எழுதினது."

"அதான் அண்ணாச்சி, வீட்டுச் சாப்பாடு மாதி இருக்கு. எல்லாருக்கும் ஒத்துக்கிடுது."

எல்லோருக்கும் ஒத்துக்கொண்டது என்பதற்கு மறு மாதமே அத்தாட்சி கிடைத்தது. முட்டையைக்கூடத் தொடாத சைவ ஹோட்டல் முதலாளி ஒருவர் காலமானார். குடும்பத்தாருக்குப் பதினேழு பிடித்துவிட்டது, மீன்தான் இடைஞ்சல். சிவப்பிரகாஷ் தன் கைவரிசையைக் காட்டினான். "கறிவேப்பிலையை எடுத்துவிட்டு சாம்பாரை எங்கள் இலையில் விட்டவரே, கறிவேப்பிலை எல்லாம் இப்போது எங்கள் தொண்டையில் நிற்கிறதே." இதைப் படித்துவிட்டும் ஜனங்கள் அழுதார்கள், நான் நேரில் பார்த்தேன். அதன் பிறகு ஒரு பல் டாக்டர், ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர், அதற்கும் பிறகு ஒரு வீட்டில் டாமி என்கிற நாய். நாய்க்கு வைத்த போர்டில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. மீன்முள்ளை எடுத்துவிட்டுச் சதையை எஜமான் தட்டில் வைக்கிற நாய் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருந்திருக்கும், அதுவும் செத்துப்போய்விட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். என்ன களவு போனது என்று கேட்டார்கள். ஆறு வரி என்றேன். அங்கிருந்த எழுத்தர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "பெரியவரே, வீட்டுல யாரும் கூட இருக்காவளா?" என்று விசாரித்தார். நான் உறையை எடுத்துக் காட்டினேன். அவர் முதல் வரியைப் பார்த்ததும் மீதி ஐந்தையும் பார்க்காமலே சொன்னார். "எங்க மாமியாருக்கு இதான் போட்டோம்," என்றார், "நீங்க யாருக்குப் போடணும்?" இதற்கு மேல் அங்கே புகார் கொடுக்க என்னால் முடியுமா, நீயே சொல்.

மார்ச் மாதம் நூலகத்தில் கவிதை தினம் கொண்டாடினார்கள். பேப்பர் படிக்கப் போனவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள், கூட்டம் போதவில்லை. பேச வந்திருந்த பேராசிரியர் ஒருவர், கவிதை ஏட்டில் உறங்கக் கூடாது, எளிய மக்களின் அன்றாட வாழ்வில் போய்க் கலக்க வேண்டும், அப்படிக் கலந்த ஒரு கவிதையை எனக்குக் காட்ட முடியுமா என்று மேஜையைத் தட்டினார். நான் எழுந்து, "என்னுடையது கலந்துவிட்டது ஐயா, பிரித்துக் கொடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள்" என்றேன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு படைப்பு மக்கள் சொத்தாகிவிட்டால் அதை எழுதியவர் இறந்துவிட வேண்டும், அதுதான் அவருக்குக் கிடைக்கிற பெரும் பேறு என்றார். என் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இறந்தாயிற்று என்றேன். சபையில் எல்லோரும் கை தட்டி, எனக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். அந்தப் பொன்னாடை இப்போது மிக்ஸிக்கு மூடியாக இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது செல்லக்கிளி விஷயம். நம் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவருவாளே, அக்காளோடு வாசற்படியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவாளே, அவள்தான். அவள் புருஷன் மே மாதம் இறந்துபோனான். குடி. திரேஸ்புரம் பக்கம் போர்டு வைத்திருந்தார்கள், பதினேழுதான், வேறென்ன. அடுத்த வாரம் அவள் நம் வாசலில் உட்கார்ந்து எனக்குச் சாளை ஆய்ந்துகொண்டே பேசினாள்.

"எங்க வீட்டுக்காரவியளுக்கு போர்டு வச்சோம்லா அண்ணாச்சி, பாத்தியளா?"

"பாத்தேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. மவ படிச்சுக் காட்டுனா. அவிய ஒரு நாளும் எனக்கு முள்ளு எடுத்துத் தந்தது கெடையாது அண்ணாச்சி. கொழம்புல காரம் கூடுனா தட்டத் தூக்கி எறிவாவ. ஆனா அந்தப் போர்டப் படி படின்னு மவளப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, இப்ப எடுத்துத் தந்த மாதியே இருக்கு. நேத்து சோத்துல கைய வச்சதும் அழுக வந்துட்டு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஏளா, அது ஒன் புருசன் இல்ல. எம் பொண்டாட்டி. அவ எனக்கு எடுத்து வச்ச முள்ளு அது. இல்லாதத இருந்ததா நெனச்சு அழாத" என்று கத்திவிட்டேன். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. செல்லக்கிளி ஆய்ந்த மீனைச் சட்டியில் போட்டாள், அரிவாள்மணையைக் கழுவினாள், "அப்பிடியா அண்ணாச்சி" என்றாள். அன்றைக்குப் போனவள் இந்தத் தெருவுக்கு வரவில்லை. நான் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு குடிகாரன் வீட்டில் நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பவைக்கிற வேலையைக் கவிதை செய்கிறது என்றால், அதைக் கொண்டாடுவதற்கு ஒரு தினம் எதற்கு? சாராயத்துக்கும் ஒரு தினம் வைக்கலாமே. என் வரிகள் என் வீட்டில் இருந்தவரை உண்மை. அவள் வீட்டுக்குப் போனதும் பொய்யாகிவிட்டன. என் கோபம் அதுதான்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். கல் வெட்டுகிறவர் பெயர் இனிகோ, கல்லறைத் தோட்டத்துக்கு எதிரிலேயே பட்டறை. நல்ல கறுப்புக் கல், முகம் பார்க்கலாம். உறையை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அண்ணாச்சி, இது பதினேழுல்லா?"

"இல்ல, இது நான் எழுதினது."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுதாவ. நான் ஏற்கெனவே ரெண்டு கல்லுல இத வெட்டிட்டேன். மூணாவது வரிசையில அங்கன ஒண்ணு, பைப்புக்குப் பக்கத்துல ஒண்ணு. அம்மாவுக்கு வேற எதாவது புதுசாப் போடுங்களேன். பதினொண்ணு பாத்தியளா? அதுவும் உருக்கமா இருக்கும்."

இரண்டு கல்லையும் போய்ப் பார்த்தேன். ஒன்று ஓய்வு பெற்ற ஓவர்சீயர், இன்னொன்று யாரோ ஒரு அம்மாள். என் வரிகள் தங்க எழுத்தில் மின்னுகின்றன. என்னுடையதைத் தவிர மற்ற எல்லோருடைய கல்லிலும் இருக்கின்றன. பிறகு கமிட்டிச் செயலாளரைப் பார்த்தேன். "ஒரே பாட்டை ஒரே தோட்டத்துல மூணு பேருக்குப் போட்டா, உயிர்த்தெழுதல் நாள்ல யாரு யாரைத் தேடிப் போறதுன்னு குழப்பம் வந்துரும் பிரதர்," என்று சிரித்தார். சிரித்துவிட்டு, ஃப்ளெக்ஸில் இருந்து எடுத்த வாசகத்துக்கு இனி அனுமதி கிடையாது என்று தீர்மானமே போட்டாயிற்று என்றார். மூலம் என்னுடையது என்றேன். அத்தாட்சி கேட்டார். பத்திரிகை நறுக்கைக் காட்டினேன், அதையும் எந்தக் கடையிலாவது எடுத்திருக்கலாம் அல்லவா என்றார். ரேஷன் கார்டு உறையைக் காட்டினேன், பார்த்து எழுதியிருக்கலாமே என்றார். கடைசியில், குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் சாட்சி எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார். உன் பெயரைச் சொன்னேன். "பெனிஸ்டன் சொன்னாச் சரிதான், அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார். பார்த்தாயா, இந்த ஊரில் உன் வாக்குக்கு இருக்கிற மரியாதையில் பத்தில் ஒரு பங்குகூட என் கண்ணீருக்கு இல்லை.

வேறு எழுதிப் பார்க்கவில்லையா என்று நீ கேட்கலாம். பார்த்தேன். சிவப்பிரகாஷிடமே ஆல்பத்தை இரவல் வாங்கி வந்து, அதில் இல்லாததாக ஒன்று எழுத முயன்றேன். அன்பு என்று ஆரம்பித்தால் நாலாம் நம்பர், பாசம் என்றால் எட்டு, விளக்கு அணைந்தால் மூன்று, பறவை பறந்தால் பன்னிரண்டு. தமிழில் துக்கப்படுவதற்கு இருக்கிற வார்த்தைகளையெல்லாம் அவன் நம்பர் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறான். சரி, யாருக்கும் பொருந்தாதபடி அக்காளைப் பற்றி மட்டும் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். பீரோவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள் என்று ஒரு வரி. கீர்த்தனை பாடுகிறபோது சரணம் முடிவதற்குள் அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள் என்று ஒரு வரி. சாத்தான்குளத்துத் தாய்வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் மாறிவிடும் என்று ஒரு வரி. அதற்கு மேல் வரவில்லை. நாலு நாள் உட்கார்ந்தும் வரவில்லை. கூடவே இருந்தவளைப் பற்றி மூன்று வரிக்கு மேல் எழுத வரவில்லை என்றால் அது என் தப்பு இல்லை. எனக்கு வந்தது அந்த ஆறு வரிதான், அதுதான் அவள். அதை விட்டால் என்னிடம் அவளைச் சொல்ல வேறு எதுவும் இல்லை, மாப்பிள்ளை. அதனால்தான் இவ்வளவு பிடிவாதம்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் தாமதிக்காமல் சாட்சிக் கடிதத்தை எழுதி அனுப்பவும். வக்கீல் ஒருவரிடமும் பேசி வைத்திருக்கிறேன். உன் தாள் வந்ததும் சிவப்பிரகாஷுக்கு நோட்டீஸ் போகும், பதினேழாம் பக்கத்தை என் கண்ணெதிரே அவன் கிழிக்க வேண்டும். உனக்கு இதில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவேயில்லை. சொந்த அக்காளுடைய கல்லுக்கு ஒரு கையெழுத்துப் போட யோசிக்கிற தம்பியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். மனதில் பட்டதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உன் வீட்டில் உலை கொதிக்கவும், உன் பிள்ளைகள் நினைத்த ஊரில் நினைத்த வேலையில் நிலைக்கவும், உன் முழங்கால் வலி நீங்கி நீ படியேறவும், என் மகள் ஜெனிலா வாரம் ஒரு தடவையாவது எனக்குப் போன் செய்யவும் ஆண்டவர் இரங்குவாராக. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். இப்படிக்கு, உன் பதிலுக்குக் காத்திருக்கும்,

அத்தான்
தேவமணி.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். இனிகோ போன் செய்து, எந்த வரியானாலும் பிறகு வெட்டிக்கொள்ளலாம், அம்மா பிறந்த தேதியை மட்டும் இன்றைக்கே சொல்லுங்கள் என்றார். எனக்குத் தேதி சரியாக நினைவில்லை. ஞானஸ்நானச் சீட்டு இருக்குமே என்று அவளுடைய கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டினேன். அதற்குள் ஒரு அட்டை. 1992, உன் அப்பா இறந்து ஒரு வருஷத்தில், உங்கள் சாத்தான்குளத்து வீட்டில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோமே, அதற்கு அச்சடித்த நினைவு அட்டை. மாமா படம். கீழே, "மீன்முள்ளை எடுத்துவிட்டு சதையை என் தட்டில் வைத்த அப்பா." ஆறு வரியும் இருக்கிறது. அதற்கும் கீழே, "மகள் ஞானதீபம்." நான் சேர்த்தது ஒன்றுமே இல்லை, அப்பாவை எடுத்துவிட்டு அவளை வைத்தேன், கொஞ்சம் நீட்டி அழுதேன், அவ்வளவுதான். அச்சகத்திலிருந்து அந்த அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தவன் நான். மனைவி கவிதை எழுதியிருக்கிறாள் என்று யாரோ சொன்னபோது, அப்படியா என்று கேட்டுவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனேன்.

ஆக, இரண்டு வருஷமாக உனக்குத் தெரியும். நோட்டீஸ், வக்கீல் எல்லாம் வேண்டாம். சாட்சிக் கடிதமும் வேண்டாம், நீ அதை எழுதாமல் இருந்ததற்கு உன்னைத் திட்டுவதா கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. கல்லில் அவள் எழுதியபடியே, அப்பா என்றே வெட்டச் சொல்லிவிட்டேன், கீழே அவள் பெயர். கமிட்டிக்காரரிடம் அட்டையைக் காட்டினேன், சரி என்றார். செல்லக்கிளியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் தெரியவில்லை.

காலையிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன், அவள் எனக்கு முள் எடுத்து வைத்த ஒரு நாளாவது ஞாபகம் வருகிறதா என்று. வரவில்லை. அவளுக்கு மாமா எடுத்து வைத்திருக்கிறார். இங்கே வந்த பிறகு அவளுக்கு யாரும் எடுத்து வைக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் சாப்பிடும்போது நான் ஒரு நாளும் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்ததில்லை, மாப்பிள்ளை.